நான் அடிக்கச் சொன்ன பெயர்

பென்ஷன் வாங்கத் தொடங்கிப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. இன்னும் மாதத்துக்கு ஒரு தடவையாவது பழைய ஆபீசிலிருந்து எனக்கு ஃபோன் வரும். மலேசியாவிலிருந்தோ கனடாவிலிருந்தோ யாராவது வந்து, தாத்தாவின் குடியுரிமைப் பேப்பர் இங்கே இருக்குமா என்று கேட்டுக்கொண்டு நிற்பார்கள். இப்போது செக்‌ஷனில் இருக்கும் பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. பழைய ஃபைல்களில் பாதி மனுக்கள் தமிழில்தான் இருக்கும். அதனால் என்னைக் கூப்பிடுவார்கள்.

இந்த வருடம் அந்த ஃபைல்களையெல்லாம் ஸ்கேன் செய்யத் தொடங்கியிருக்கிறார்கள். தேடி வருகிறவர்கள் எதை எப்படிப் பார்க்க வேண்டும் என்று இரண்டு பக்கம் எழுதித் தரும்படி கேட்டார்கள். நானும் உட்கார்ந்து எழுதினேன். சான்றிதழை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடக்கூடாது, அதில் பெயரும் நம்பரும் தவிர ஒன்றும் இருக்காது. அதற்கு முன்னால் கொடுத்த விண்ணப்பத்தைத் தேட வேண்டும். பிறந்த ஊர், வந்து சேர்ந்த கப்பல், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், எல்லாம் அதில்தான் இருக்கும். சாட்சிக் கையெழுத்துப் போட்ட இரண்டு பேரையும் குறித்துக்கொள்ள வேண்டும்; சொந்தக்காரர்கள் கிடைக்காத இடத்தில் சாட்சியின் குடும்பம் கிடைக்கும். ஒரே ஆளின் பெயரை மூன்று பேப்பரில் மூன்று விதமாக எழுதியிருப்பார்கள், அதைப் பார்த்து மிரளக்கூடாது. இவ்வளவும் எழுதிவிட்டு, 'கோடு போட்டு அடித்த வரிகளையும் வாசிக்க வேண்டும்' என்று எழுதினேன். அதற்கு மேல் எழுத வரவில்லை. அந்த வரிக்குக் காரணம் சொல்லாமல் மற்றதை எழுதிக் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. இதை முதலில் எழுதிவிடுகிறேன்.

எங்கள் ஊர் பாறசாலைக்குத் தெற்கே. அப்பா கிறிஸ்தவ சபைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். வீட்டில் தமிழ், பரீட்சை மலையாளத்தில், இருபத்துமூன்று வயதில் திருவனந்தபுரத்தில் கிளார்க் வேலை. முதல் இரண்டு வருடம் தபால் பதிவு. மூன்றாம் வருடம், தமிழ் தெரியும் என்ற ஒரே காரணத்துக்காக என்னைக் குடியுரிமைப் பிரிவில் போட்டார்கள்.

அந்தக் காலத்தில் மலாயாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் திரும்பி வந்தவர்கள் இங்கே நிறையப் பேர். போன இடத்தில் அந்த நாட்டுக் குடியுரிமை எடுத்திருப்பார்கள். பிறகு ஏதோ காரணத்தால் திரும்பியிருப்பார்கள். பிறந்தது தோவாளையிலோ நெய்யாற்றின்கரையிலோ இருக்கும். ஆனால் பேப்பர்படி வெளிநாட்டுக்காரர்கள். வருடா வருடம் போலீசில் போய்த் தங்குவதற்கான அனுமதியை நீட்டிக்க வேண்டும். ரேஷன் கார்டு கிடையாது. இதெல்லாம் தீர ஒரே வழி, எங்கள் செக்‌ஷனில் விண்ணப்பம் கொடுத்து மறுபடி இந்தியக் குடிமகனாவது.

எங்கள் சூப்பிரண்டு மாதவன் பிள்ளை சார். மெலிந்த ஆள். முழுக்கைச் சட்டையை இரண்டு மடிப்பு மட்டும் மடித்துவிட்டிருப்பார். ஒரு விண்ணப்பத்தை அவர் உட்கார்ந்து வாசித்து நான் பார்த்ததில்லை. எழுந்து ஜன்னலுக்குப் பக்கத்தில் போய், பென்சிலின் பின்பக்கத்தால் ஒவ்வொரு கட்டமாகத் தொட்டுத் தொட்டு வாசிப்பார். ஒரு கட்டமும் காலியாக இருக்கக்கூடாது. ஒன்றும் இல்லையென்றால் 'இல்லை' என்று எழுதியிருக்க வேண்டும். அப்போது கிளார்க்குகள் தப்பாக எழுதிய மையைப் பிளேடால் சுரண்டி எடுப்பார்கள். எங்கள் செக்‌ஷனில் மட்டும் மேசையில் பிளேடு இருக்கக்கூடாது. அவர் கண்ணில் பட்டால் எடுத்துத் தன் டிராயரில் போட்டுக்கொள்வார். பிழை வந்தால் ஸ்கேலை வைத்து ஒரே ஒரு கோடு. அடியில் எழுதியது வாசிக்கும்படி இருக்க வேண்டும். பக்கத்தில் விண்ணப்பக்காரரின் கையெழுத்து, கிளார்க்கின் இனிஷியல். பின்னால் எப்போதாவது நகல் எடுத்துக் கொடுத்தால், அசலில் இத்தனை வரி அடிக்கப்பட்டிருக்கிறது, அது இன்னது என்று நகலின் கீழே குறிக்க வேண்டும். சட்டத்தில் அப்படி ஒன்றும் இல்லை. மற்ற செக்‌ஷன்காரர்கள் சிரிப்பார்கள். நானே ஒருநாள் எதற்கென்று கேட்டேன்.

"எஸ்தரே, வெட்டினதும் ஒருத்தன் எழுதினதுதானே," என்றார். அவருக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான். அதையும் என்னிடம் மட்டும்தான் பேசுவார்.

தங்கம்மாள் வந்தது நான் அந்த செக்‌ஷனில் சேர்ந்த முதல் வருடத்தில், பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்னால். ஆரியசாலையில் ஒரு மிளகாய் மண்டியில் காம்பு கிள்ளுகிற வேலை. அவள் உள்ளே வந்து உட்கார்ந்ததும் இரண்டு மேசை தள்ளி இருந்தவர்கூடத் தும்மினார். அவளுக்கு வெட்கமாகிவிட்டது. வெளியே நின்றுகொள்ளட்டுமா என்று கேட்டாள். நான் உட்காரச் சொன்னேன். இங்கே பெண் அதிகாரியையும் 'சாரே' என்றுதான் கூப்பிடுவார்கள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள், அவளும் அப்படியே கூப்பிட்டாள். நான் அவளை அக்கா என்றேன்.

சொந்த ஊர் தோவாளைப் பக்கம். கல்யாணமாகி மலாயாவில் ஒரு ரப்பர் தோட்டத்துக்குப் போனவள். கணவன் அங்கே குடியுரிமை எடுத்தான், இவளும் எடுத்தாள். கடைசியில் அவன் காய்ச்சலில் செத்துப்போனான். அப்போது பெண்ணுக்கு நாலு வயது, பையன் கைக்குழந்தை. தம்பானூரில் ஹோட்டல் வேலையில் இருந்த தம்பி, கிளம்பி வந்துவிடும்படி எழுதினான். கப்பலுக்குச் சீட்டு எடுத்தாகிவிட்டது. போகிற வாரத்தில் பெண்ணுக்கு அம்மை போட்டுவிட்டது. அம்மை போட்ட பிள்ளையைக் கப்பலில் ஏற்ற மாட்டார்கள். சீட்டை விட்டால் மறுபடி எடுக்க வழியில்லை. கணவனின் அண்ணனும் அண்ணியும் பிள்ளையில்லாதவர்கள். நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், தெரிந்தவர்கள் யாராவது போகும்போது கூட அனுப்பிவிடுகிறோம் என்றார்கள். இவள் கைக்குழந்தையோடு கப்பல் ஏறிவிட்டாள். என்னிடம் வந்தபோது அது நடந்து நாலு வருடமாகியிருந்தது. பெண் வந்து சேரவில்லை.

அவளுக்கு எழுத நேரமாகும் என்று நானே கேட்டுக் கேட்டு விண்ணப்பத்தை நிரப்பினேன். பிள்ளைகள் என்ற கட்டம் வந்தது. இரண்டு பெயரையும் எழுதினேன். 'வசந்தா, பெண், வயது எட்டு, மலாயாவில் பெரியப்பா வீட்டில்.' அதற்குக் கீழே, 'முருகேசன், ஆண், வயது நாலு.'

எழுதி முடித்த பிறகுதான் எனக்கு வேறொரு ஃபைலின் ஞாபகம் வந்தது. இலங்கையிலிருந்து வந்த ஒருவர் மனைவி அங்கே இருப்பதாக எழுதியிருந்தார். மனைவி எந்த நாட்டுக்காரி, ஏன் வரவில்லை என்று டில்லியிலிருந்து கேள்வி வந்து, பதில் போய், மறுபடி கேள்வி வந்து, இரண்டு வருடமாக நகராமல் கிடந்தது. தங்கம்மாளுக்கோ போலீஸ் அனுமதி இன்னும் இரண்டு மாதம்தான். பையனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். ரேஷன் இல்லாமல் கடை அரிசி வாங்கிக்கொண்டிருந்தாள். நான் ஸ்கேலை எடுத்தேன். பெண்ணின் பெயரை அடித்துவிடலாம் என்றேன்.

அவள் விரலை அந்தப் பெயரின்மேல் வைத்தாள்.

"அவ பேரு கெடந்துட்டுப் போட்டும் சாரே. நான் பெத்தது ரெண்டுன்னுதானே எழுதணும்?"

"உங்ககூட இங்க இருக்கிற பிள்ளைய மட்டும்தான் அக்கா கேக்காங்க. அவ பேரு இருந்தா டில்லிக்குப் போயி வருஷக்கணக்காக் கெடக்கும். முதல்ல உங்களுக்குக் கெடைக்கட்டும். பொறவு பாஸ்போர்ட் எடுத்துப் போய்க் கூட்டிட்டு வாங்க."

அந்த ஃபாரத்தில் 'பிள்ளைகள்' என்று மட்டும்தான் அச்சடித்திருந்தது. 'கூட இருக்கிற' என்பது நானாகச் சேர்த்துக்கொண்டது. அவளுக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். அதில் பொய்யில்லை. ஆனால் மூன்று வருட சர்வீசில் எல்லாம் தெரிந்துவிட்டது என்ற நினைப்பும் எனக்கு இருந்தது. கோடு போட்டேன். அவள் பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள். ஒவ்வொரு எழுத்தாக, அழுத்தி. நான் என் இனிஷியலைப் போட்டேன்.

மாதவன் பிள்ளை சார் ஜன்னலோரம் நின்று வாசித்தபோது அந்தக் கட்டத்தில் பென்சில் நின்றது. கூப்பிட்டுக் கேட்டார். காரணம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. பெயரை அப்படியே விட்டு, குழந்தை வெளிநாட்டில் இருக்கிறது, இந்த விண்ணப்பத்தில் சேர்க்கவில்லை என்று குறிப்பு எழுதியிருந்தால் போதும், டில்லிக்குப் போக வேண்டிய அவசியமில்லை என்று மலையாளத்தில் சொன்னார். எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று. இனிமேல் ஃபாரத்தைத் தொட வேண்டாம், அடுத்த முறை அவள் வரும்போது இந்தப் பெண்ணைப் பற்றித் தனியாக ஒரு வாக்குமூலம் எழுதி வாங்கி ஃபைலில் வைத்துவிடு என்றார். சரி சார் என்றேன்.

உத்தரவு இரண்டு மாதத்துக்குள் வந்தது. எங்கள் செக்‌ஷனில் அவ்வளவு சீக்கிரம் வந்தது அது ஒன்றுதான். உறுதிமொழி எடுக்கத் தங்கம்மாள் தம்பியோடும் பையனோடும் வந்தாள். அதிகாரி ஆங்கிலத்தில் வாசிக்க, நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன், அவள் கையைக் கட்டிக்கொண்டு திருப்பிச் சொன்னாள். சான்றிதழை வாங்கிப் பையன் கையில் தொடக் கொடுத்தாள். எல்லோருக்கும் சந்தோஷம். அவள் படியிறங்கிப் போன பிறகு வாக்குமூலத்தின் நினைவு வந்தது. ரேஷன் கார்டுக்காக எப்படியும் வருவாள் என்று விட்டுவிட்டேன். அவள் வந்த அன்றைக்கு நான் லீவு. மாதவன் பிள்ளை சார் அடுத்த வருடம் ரிட்டயரானார். அதற்குள் அவர் இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் 'வாங்கிவிடுகிறேன்' என்றேன்.

இதுவரை நடந்ததை ஒரு சின்ன கிளார்க்கின் அவசரம் என்று சொல்லிவிடலாம். அடுத்து நடந்ததை அப்படிச் சொல்ல முடியாது.

பதினைந்து வருடம் போயிற்று. எனக்குக் கல்யாணமாகி, ஒரு பெண்ணும் பிறந்து, நான் ரெக்கார்டு ரூம் பொறுப்பில் இருந்தேன். ஒருநாள் மலேசியாவிலிருந்து ஒரு நீல நிற விமானக் கடிதம் என் மேசைக்கு வந்தது. தமிழில் இருந்ததால் மொழிபெயர்த்து வைக்கும்படி அனுப்பியிருந்தார்கள். எழுதியவள் பெயர் வசந்தா.

என் அம்மா தங்கம்மாள், அப்பா இறந்தபின் நான் நாலு வயதாக இருக்கும்போது இந்தியா போய்விட்டார். என்னை வளர்த்த பெரியப்பா சென்ற மாதம் காலமானார். அவர் பெட்டியில் என் அம்மா எழுதிய ஒரு பழைய கடிதம் இருந்தது. உங்கள் ஆபீசில் குடியுரிமைக்கு எழுதிக் கொடுத்திருப்பதாக அதில் எழுதியிருக்கிறார். உறை இல்லாததால் விலாசம் தெரியவில்லை. அந்தப் பதிவின் நகலும் அம்மாவின் விலாசமும் வேண்டும். அம்மா என்னை வேண்டாம் என்று விட்டுவிட்டுப் போனதாகத்தான் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். அது உண்மையா என்று எனக்குத் தெரிய வேண்டும். இவ்வளவுதான் கடிதம்.

ஃபைலை நானே எடுத்தேன். அந்தக் கட்டம், அந்தக் கோடு, அவள் கையெழுத்து, என் இனிஷியல், எல்லாம் அப்படியே இருந்தது. விலாசம் ஆரியசாலை மண்டிக்குப் பின்னால் ஒரு சந்து. அவள் இன்னும் அந்த மண்டியில்தான் வேலை செய்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

விதி இதுதான். ஃபைலில் பெயர் இருக்கும் உறவினருக்கு மட்டும் விலாசம் கொடுக்கலாம். மற்றவர்களுக்குச் சாராம்சம் மட்டும். புதிதாக வந்திருந்த சூப்பிரண்டு, இந்தப் பெண்ணின் பெயர் பதிவில் இருக்கிறதா என்று கேட்டார். அடித்த வரி ஒன்று இருக்கிறது சார் என்று நான் சொல்லியிருந்தால் போதும். அவர் ஃபைலைக் கேட்டு வாங்கிப் பார்த்திருப்பார். யார் அடிக்கச் சொன்னது, ஏன் அடித்தது என்ற கேள்வி வந்திருக்கும். அந்த மாதம் மேலிடத்திலிருந்து இன்ஸ்பெக்‌ஷன் நடந்துகொண்டிருந்தது. என் பிரமோஷன் பேப்பரும் மேலே போயிருந்தது. நான், ஒரு பிள்ளையின் பெயர்தான் இருக்கிறது சார், மகன், என்றேன்.

பதிலை நான்தான் எழுதினேன். பிள்ளைகள்: ஒருவர். மகன், முருகேசன். தங்கள் பெயர் பதிவில் காணப்படாததால் விலாசம் தர இயலாது. கீழே அடித்த வரியைப் பற்றிக் குறிப்பு எதுவும் நான் எழுதவில்லை. அதிகாரி கையெழுத்துப் போட்டார். தபாலில் போயிற்று.

அன்றைக்கே ஒன்று நினைத்தேன். ஆபீசிலிருந்து ஆரியசாலை கால் மணி நேர நடை. இரண்டாம் சனிக்கிழமை லீவில் போய்த் தங்கம்மாளைப் பார்த்து, உங்கள் பெண் எழுதியிருக்கிறாள், விலாசம் இதுதான் என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம். விலாசத்தை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி ஹேண்ட்பேகில் வைத்திருந்தேன். அந்தச் சனிக்கிழமை மகளுக்குக் காய்ச்சல். அடுத்த மாதம் நல்ல மழை. அதற்கடுத்த மாதம் சாலை கடைத்தெருவுக்குச் சாமான் வாங்கவே போனேன். அங்கிருந்து அந்தச் சந்து இரண்டு திருப்பம். நின்று யோசித்தேன். போனால் அவள் முதலில் என்ன கேட்பாள் என்று எனக்குத் தெரியும். ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன். ஹேண்ட்பேக் மாற்றியபோது அந்தக் காகிதம் எங்கே போயிற்றென்று தெரியாது. நான் தேடவுமில்லை.

பிரமோஷன் வந்தது. பிறகு இடமாற்றம், மகளின் படிப்பு, கல்யாணம், ரிட்டயர்மெண்ட். எப்போதாவது நினைவு வரும். வசந்தா இதற்குள் வேறு வழியில் கண்டுபிடித்திருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

போன வருடம் ஆபீசிலிருந்து ஃபோன் வந்தது, வழக்கம்போல. மலேசியாவிலிருந்து ஒரு பெண் வந்திருக்கிறாள், பாட்டியைப் பற்றித் தேடுகிறாள், உங்கள் வீட்டுக்கு அனுப்பலாமா என்று கேட்டார்கள். கரமனைக்கு வரச் சொன்னேன். இருபத்தைந்து வயதிருக்கும். தர்ஷினி என்று பேர். குடும்ப மரம் ஒன்று போட்டுக்கொண்டிருக்கிறாளாம். அப்பா பக்கம் நாலு தலைமுறை வந்துவிட்டது, அம்மா பக்கம் பாட்டியோடு நின்றுவிட்டது என்றாள். பாட்டி பேர் தங்கம்மாள் என்று சொல்லிவிட்டு, பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் கொடுத்தாள். இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் நான் கைப்பட எழுதிய பதில். பிள்ளைகள்: ஒருவர்.

"அம்மா இத வச்சிட்டு அதோட விட்டுட்டாங்க ஆன்ட்டி. பாட்டி ஃபாரத்துலயே தன் பேர எழுதல, அப்புறம் எதுக்குத் தேடணும்னு சொல்வாங்க. நான் இங்க வந்தது அவங்களுக்குப் பிடிக்கல."

அவளுக்குக் காப்பி கொடுத்தேன். என்னால் அப்போது சொல்ல முடியவில்லை. மறுநாள் ஆபீசுக்கு வரச் சொன்னேன். அவள் திரும்பிப் போக நாலு நாள்தான் இருந்தது.

மறுநாள் ஃபைல் மேசைக்கு வந்தது. நான் அந்தக் கட்டத்தைத் திறந்து அவள் பக்கம் திருப்பி வைத்தேன். மாதவன் பிள்ளை சாரின் முறைப்படி போட்ட ஒற்றைக் கோடு என்பதால் அடியில் எல்லா எழுத்தும் தெரிந்தது. தர்ஷினி எழுத்துக் கூட்டி வாசித்தாள். 'வசந்தா, பெண், வயது எட்டு, மலாயாவில் பெரியப்பா வீட்டில்.' இரண்டாம் தடவையும் வாசித்தாள்.

"இத யாரு அடிச்சது ஆன்ட்டி?"

"கோடு போட்டது நான். உன் பாட்டி அடிக்க வேண்டாம்னுதான் சொன்னாங்க. நான்தான் கேக்கல. இந்த லெட்டர எழுதினதும் நான்தான்."

மற்றதையும் சொன்னேன். வாக்குமூலம் வாங்காததை, சூப்பிரண்டிடம் மறைத்ததை, சந்து வரை போய்த் திரும்பியதை. தர்ஷினி அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினாள். பிறகு வராந்தாவில் போய் நின்று நெடுநேரம் ஃபோனில் பேசினாள். திரும்பி வந்து, அம்மா உங்களிடம் பேச வேண்டுமாம் என்று ஃபோனை நீட்டினாள்.

குரல் அமைதியாக இருந்தது. ஒரு கேள்விதான் கேட்டாள். "நான் லெட்டர் போட்ட நேரத்துல அம்மா உயிரோட இருந்தாங்களா?"

"இருந்தாங்க."

"எங்க இருந்தாங்க?"

"எங்க ஆபீஸ்ல இருந்து கால் மணி நேரம் நடக்கிற தூரத்துல."

ஃபோன் கட்டாகவில்லை. மூச்சு விடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் காதில் வைத்துக்கொண்டே நின்றேன். பிறகு தர்ஷினி வாங்கிக்கொண்டாள்.

சாட்சிக் கையெழுத்துப் போட்டிருந்தவர் மண்டி முதலாளி. அவர் இப்போது இல்லை, மகன் கடையை நடத்துகிறார். முருகேசனை அவருக்குத் தெரிந்திருந்தது. தம்பானூர் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிறான். நாங்கள் போய் நின்று விஷயத்தைச் சொன்னபோது, அவன் ஆட்டோவுக்குள்ளேயே உட்கார்ந்து ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டிருந்தான். ஏறியிருந்த சவாரிக்காரரை வேறு வண்டியில் போகச் சொன்னான். பிறகு இறங்கி, தர்ஷினியின் முகத்தைப் பார்த்தான்.

அம்மா இறந்து பதினாறு வருடமாகிறது என்றான். பாஸ்போர்ட் எடுத்திருந்தாளாம். கூட்டிவரப் போவதற்கு முன்னால் எழுதிய கடிதங்கள் எல்லாம், விலாசத்தில் ஆள் இல்லை என்று திரும்பி வந்துவிட்டன. தோட்டத்தைத் துண்டு போட்டு விற்று, தொழிலாளர்கள் குடியிருந்த லயன் வீடுகளை இடித்துவிட்டார்கள் என்று பிறகு யாரோ சொன்னார்கள். "அம்மா எப்பவும் பறையும் சாரே. அக்கா எழுதுவா, ஆபீசுக்காவது எழுதுவான்னு. ஆபீசுல வெலாசம் இருக்குல்லா, அதனால இந்த வீட்ட மாறப் பாடில்ல, மாறக்கூடாதுன்னு நிக்கும். நாங்க அந்தச் சந்த விட்டு மாறவே இல்ல."

இதை அவன் என்னைக் குற்றம் சொல்வதற்காகச் சொல்லவில்லை. நான் யார் என்று அப்போது அவனுக்குத் தெரியாது. நான் சொன்ன பிறகு, சரி சாரே, என்று மட்டும் சொன்னான்.

இரண்டு மாதம் கழித்து வசந்தா வந்தாள். எனக்குச் சொல்லவில்லை, அதில் எனக்கு வருத்தப்பட உரிமையில்லை. அதே சந்தில், தம்பி வீட்டில் ஒரு வாரம் தங்கியிருந்தாள். அம்மாவின் அஸ்தியைக் கரைத்த இடத்துக்குப் போனார்களாம், தோவாளைக்கும் போனார்களாம். திரும்பிப் போவதற்கு முந்தின நாள் காலையில் என் வீட்டு வாசலில் ஆட்டோ வந்து நின்றது. முருகேசன் இறங்கவில்லை. அவள் மட்டும் வந்தாள். ஐம்பதை நெருங்கியவள், கொஞ்சம் பருமன், கண்ணாடி போட்டிருந்தாள். உட்காரச் சொன்னேன், உட்கார்ந்தாள். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கியதும் கையைக் காட்டி நிறுத்திவிட்டாள்.

"அதுக்கு நான் வரல மேடம். தம்பி அப்பக் கைக்குழந்த. அவனுக்கு எல்லாம் 'அக்கா அக்கா'ன்னு அம்மா சொன்னதுதான் தெரியும். மாமாவும் இப்ப இல்ல. அம்மா என்னைப் பத்திப் பேசிக் கேட்டவங்கள்ல இப்ப உயிரோட இருக்கிறது நீங்க ஒருத்தர்தான். அன்னைக்கு ஃபாரம் எழுதும்போது அம்மா என் பேர எப்படிச் சொன்னாங்க? எனக்கு வீட்டுல வேற பேரு இருந்துச்சு. பெரியம்மா அதச் சொல்லிக் கூப்பிட்டதே இல்ல. எனக்கு மறந்துபோச்சு."

அவள் கேட்ட பிறகுதான் அது எனக்கு நினைவு வந்தது. பிள்ளைகள் பேர் சொல்லுங்கள் என்று நான் கேட்டதும், தங்கம்மாள் முதலில் ஏதோ ஒரு செல்லப் பேரைச் சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். நான் பேனாவை நிறுத்திவிட்டு, வீட்டுப் பேர் வேண்டாம் அக்கா, சரியான பேரைச் சொல்லுங்கள் என்றேன். அவள் உடனே திருத்திக்கொண்டு, வசந்தா, என்றாள். அதைத்தான் எழுதினேன்.

இதை அப்படியே வசந்தாவிடம் சொன்னேன். அவள் முன்னால் குனிந்து, அந்தப் பேர் என்ன என்று கேட்டாள். நான் யோசித்தேன். அந்த ஃபாரத்தின் அளவு, கட்டங்களின் வரிசை, அன்றைக்கு நான் எழுதிய மையின் நிறம் எல்லாம் வந்தது. தங்கம்மாள் சிரித்ததுகூட வந்தது. பேர் வரவில்லை. ஞாபகம் இல்லை என்று சொன்னேன்.

அவள் அவசரப்படவில்லை. பிறகு எழுந்து, தன் நம்பரை ஒரு காகிதத்தில் எழுதி மேசைமேல் வைத்தாள்.

"எப்ப ஞாபகம் வந்தாலும் கூப்பிடுங்க. எந்த நேரம்னாலும் பரவாயில்ல."

அவள் போய் எட்டு மாதமாகிறது. காலையில் ஜெபம் முடிந்ததும் ஒரு தடவை யோசித்துப் பார்க்கிறேன். பாப்பா, அம்மு, தங்கம், ராசாத்தி என்று எனக்குத் தெரிந்த பேரையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிறேன். எதுவும் தங்கம்மாள் சொன்னதுபோல் இல்லை.